லூபிங்கா நாலு, இயந்திரம் ஆறு

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பன்றி வெட்டுவார்கள். வெட்டிய கையோடு, விலாவுக்கு அடியில் இருக்கும் குறுக்குத்தசையில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு எங்கள் கால்நடை நிலையத்துக்கு ஓடி வருவார்கள். தயிர்க் கோப்பையில் வரும், தீப்பெட்டியில் வரும், ஒருமுறை கல்யாண மோதிர டப்பாவில்கூட வந்தது. அந்தத் துண்டில் கண்ணுக்குத் தெரியாத சுருள்புழு இருக்கிறதா என்று எங்கள் நிலையத்து லூபிங்கா பார்த்துச் சொல்லும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் இறைச்சியை யாரும் தொடக் கூடாது. தொட்டால் காய்ச்சல் வரும், முகம் வீங்கும், தசையெல்லாம் முறுக்கி வலிக்கும். செத்தவர்களும் உண்டு. நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும், உண்மைதான். ஆனால் நாங்கள் அரைத்த கறியைக் குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிடுகிற குலென் அடுப்பின் முகத்தையே பார்க்காதது.

நான் மிலென்கோ. ஜன்னலில் உட்கார்ந்து துண்டுகளை வாங்கி, பெயர் எழுதி, அரைத்து, அமிலத்திலும் வெந்நீரிலும் கரைத்து, வடிகட்டித் தட்டில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது லூபிங்காவின் வேலை. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். எங்களுக்குள் சண்டை நடக்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவள் செங்கல் சூளைக்காரர் மகள். அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் வீட்டில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசி, இவளுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டது. கண்ணாடியை ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வேலைக்கு நடுவே சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை என் பக்கமாகத் துப்புவாள். ஆனால் அவள் “சுத்தம்” என்றால் சுத்தம். “பாதிரியார் சொன்னா பாதி, லூபிங்கா சொன்னா முழுசு” என்பார்கள் ஊரில். பாதிரியாரே ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த குளிர்காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்ட நாற்பத்தொரு பேர் படுத்தார்கள். “எங்க பன்னி, எங்க கண்ணு முன்னாடி வளந்தது, அதுக்கு எதுக்கு சோதனை?” என்று யாரோ சொன்னார்களாம். லூபிங்கா ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நாற்பத்தொரு பேரையும் பார்த்துவிட்டு வந்தாள். மணப்பெண்ணின் கண் இமை வீங்கி மூடிக் கிடந்ததாம். அதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்த் திட்ட ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.

இனி இயந்திரத்தின் கதை. கணினி வந்து மனிதர் வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்ற புலம்பலை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதைக் கேட்டு வாங்கியதே லூபிங்காதான்.

ஐம்பது வயது தாண்டியதும் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். “மிலென்கோ, எண்பது தட்டு வை. அதுல புழு இருக்கற தட்டு ஆறு ஒளிச்சு வை. எதுன்னு எனக்குச் சொல்லாதே.”

“உனக்கு என்ன கிறுக்கா? எவனாவது தன் குழியத் தானே வெட்டுவானா?”

“வைடான்னா வை.”

வைத்தேன். முதல் நாற்பது தட்டில் இருந்த மூன்றையும் பிடித்துவிட்டாள். அடுத்த நாற்பதில் இருந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாள். நானாக இருந்தால் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக இருந்திருப்பேன். அவள் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்தத் தாளையே முதல் பக்கமாக வைத்து, ‘நாற்பது தட்டுக்கு மேல் என் கண் சோர்கிறது, துணைக்கு ஒரு இயந்திரம் வேண்டும்’ என்று விண்ணப்பம் எழுதினாள். தன் குறையைத் தானே அளந்து பார்த்து, அதில் கையெழுத்தும் போட்டு மேலே அனுப்புகிற மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றுதான் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க முடியாது.

இரண்டு வருஷம் கழித்து இயந்திரம் வந்தது. நுண்ணோக்கிமேல் ஒரு கேமரா. அது தட்டை அங்குலம் அங்குலமாகப் படம் எடுக்கும். சந்தேகப்பட்ட இடத்தைச் சுற்றித் திரையில் மஞ்சள் பெட்டி போடும். பெட்டிக்குப் பக்கத்தில் நூற்றுக்கு எவ்வளவு சந்தேகம் என்று ஒரு எண் இருக்கும். ஆரம்பத்தில் அது நாரைப் பார்த்தாலும் பெட்டி போட்டது, காற்றுக்குமிழியைப் பார்த்தாலும் போட்டது, என் ஸ்வெட்டர் நூலையும் விடவில்லை. லூபிங்கா இரண்டு குளிர்காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ அழுத்தி அழுத்தி அதை வழிக்குக் கொண்டுவந்தாள். மாட்டைப் பழக்குவதுபோல அதையும் திட்டித்தான் பழக்கினாள்.

எங்கள் தலைமை மருத்துவர் பிரெத்ராக் முப்பத்தைந்து வயதுக்காரர், கெட்டிக்காரர், எப்போதும் அவசரம். முன்பு இருந்த தலைவரின் மருமகன். அவர் ஒரு யோசனை சொன்னார்.

“லூபிங்காக்கா, முதல்ல அது பெட்டி போடட்டும். நீங்க பெட்டிய மட்டும் பாத்தாப் போதும். பாதி நேரம் மிச்சம்.”

“பெட்டிய முதல்ல பாத்தா நான் பெட்டிக்குள்ளயே தான் பாப்பேன் டாக்டர். வெளிய கெடக்கறத யாரு பாப்பா? உங்க மாமனாரா?”

மறுநாள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கிய பூத்தையல் துணியைக் கழற்றிக்கொண்டு வந்து திரைமேல் போட்டாள். அதில் நீல நூலில் ‘பேசிக்கொண்டே கிண்டினால் குழம்பு அடிப்பிடிக்கும்’ என்று தைத்திருந்தது. அதன்பிறகு அதுதான் சட்டம். துணி மூடியிருக்கும்போதே அவள் தட்டைப் பார்த்து, பதிவேட்டில் மையால் எழுதிவிடுவாள். அப்புறம்தான் துணியைத் தூக்குவாள். அவளும் இயந்திரமும் ஒன்றையே சொன்னால் வீட்டுக்காரருக்குப் பதில் போகும். முரண்பட்டால் புதுத் துண்டு எடுத்து முதலிலிருந்து பார்க்க வேண்டும், அதுவரை யாருக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொரு தகராறும் இருந்தது. எண் முப்பதைத் தாண்டினாலே பெட்டி போடும்படி லூபிங்கா வைத்திருந்தாள். அதனால் தினமும் நாற்பது வெட்டிப் பெட்டிகள் விழும், ஒவ்வொன்றையும் அவள் மறுபடி பார்ப்பாள். அறுபதுக்கு ஏற்றிவிட்டால் அந்த நாற்பது வெறும் மூன்றாகிவிடும் என்று பிரெத்ராக் கணக்குச் சொன்னார். அந்த டிசம்பரில் அதற்கான கடிதத்தை எழுதி மேஜையிலேயே வைத்திருந்தார்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை லூபிங்காவின் சொந்த வீட்டில் பன்றி வெட்டினார்கள். காலை எட்டரைக்கு அவள் கணவன் ஒப்ராத் தயிர்க் கோப்பையில் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிற்காமல் திரும்பினான். கோப்பையைத் திறந்தபோது ரக்கியா வாசம் குப்பென்று வந்தது. நான் அதைச் சட்டை செய்யவில்லை. வெட்டுக் காலத்தில் விடியற்காலையிலேயே எல்லோரும் இந்த ரக்கியாவை, பிளம் சாராயத்தை, சூடாக்கிக் குடிப்பார்கள். டிசம்பரில் எங்கள் ஊரில் ரக்கியா வாசம் வராத பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தப்பு என்னுடையது. எழுதிவிட்டேன், மறைக்கவில்லை.

பதினொன்றரைக்கு லூபிங்கா தட்டைப் பார்த்து முடித்தாள். பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒப்ராத்தின் குரல் எனக்கே கேட்டது.

“என்ன லூபா, பன்னண்டு பேரு கையக் கட்டிட்டு நிக்கறோம். கறி அரைச்சாச்சு, மொளகாத் தூளு கொட்டியாச்சு. விதோமிரு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான்.”

விதோமிர் ஒப்ராத்தின் தம்பி. அந்தத் தெருவுக்கே நாக்கு அவன்தான். எந்த வீட்டில் குலென் போட்டாலும் கலவையில் ஒரு சிட்டிகையைப் பச்சையாக வாயில் போட்டு உப்பும் காரமும் சொல்வான். “பொரிச்சுத் தின்னு பாருடா” என்று லூபிங்கா வருஷா வருஷம் சண்டை போடுவாள். “பொரிச்சா மொளகா பொய் சொல்லும் அண்ணி” என்பான் அவன்.

லூபிங்கா துணியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். “சுத்தம். ஆரம்பிங்க” என்றாள்.

போனை வைத்துவிட்டுத் துணியைத் தூக்கினாள். திரையில் தட்டின் ஓரமாக ஒரே ஒரு மஞ்சள் பெட்டி. எண் முப்பத்துநாலு.

நான் எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் நீட்டாக ஒரு இழை. உயிருள்ள புழு என்றால் சுருண்டு கிடக்கும், வெதுவெதுப்பில் லேசாக நெளியும். அவள் கண் இருபத்தாறு வருஷமாகத் தேடிப் பழகியது அந்தச் சுருளைத்தான். “நாருதான் விடு, அது தெனமும் போடற வெட்டிப் பெட்டி” என்றேன்.

அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ள மணிமணியா ஒரு கோடு ஓடுது. நாருல இது இருக்காது” என்றாள். எழுந்து போய் மிச்சத் துண்டு இருந்த கோப்பையை எடுத்து மோந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“மிலென்கோ, இது ரக்கியால ஊறியிருக்கு. ஊறுனா புழு செத்து நீட்டிக்கும். செத்தத நான் நாருன்னு நெனைச்சுட்டேன்.”

ஒப்ராத்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. விதோமிருக்குப் போட்டாள். எடுக்கவில்லை. போன் இருக்கிற சட்டையெல்லாம் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், கையெல்லாம் கறியில் இருக்கும், யார் எடுப்பார்கள்? என் பழைய காரில் கிளம்பினோம். ஒன்பது கிலோமீட்டர். வழி முழுக்க அவள் மறுபடி மறுபடி போன் போட்டுக்கொண்டே வந்தாள். 

முற்றத்துக்குள் நாங்கள் நுழையும்போது விதோமிர் முழங்கை வரை சிவப்பாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தான். “உப்பு சரி. காரம் இன்னும் ஒரு கை...”

“துப்புடா!”

தெருக்கோடிவரை கேட்டிருக்கும். விதோமிர் பயத்தில் முழுங்கிவிட்டான்.

பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். கைத்துடைப்புத் துணியோடு பக்கத்து வீட்டுப் பெண்கள், கொப்பரையில் கொதிக்கிற கொழுப்பு. லூபிங்கா நடுவில் போய் நின்றாள். “யாரும் எதையும் தொடாதீங்க. நான் சுத்தம்னு சொன்னேன். முழுசாப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அது என் தப்பு.”

ஒப்ராத்துக்கு முகம் கறுத்துவிட்டது. “அந்த டப்பா சொன்னுச்சா?”

“டப்பா சந்தேகப்பட்டுச்சு. நீ துண்டுல என்ன ஊத்துன?”

“வழியில கெட்டுப் போகக் கூடாதுன்னு... கொஞ்சூண்டு. கிருமி சாவும்ல?”

“மைனஸ் மூணு குளிர்ல என்னடா கெடும்! உன் மூளையத் தவிர?”

யாரோ சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ரதோவான் மட்டும், “எத்தன வருஷம் உன் வார்த்தைய நம்பித் தின்னோம் லூபிங்கா, அதெல்லாம்கூட இப்படித்தானா?” என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி. அவள் அவனைத் திட்டவில்லை. கத்தியை எடுத்துத் தானே குறுக்குத்தசையைப் பத்து மடங்கு பெரிதாக அறுத்து, தானே கழுவிய பாட்டிலில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

இந்த முறை நான் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துத்தான் செய்தேன். மூன்றரை மணிக்குத் தட்டு தயார். அவள் மறுபடி திரையைத் துணியால் மூடினாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

“இன்னும் எதுக்கு இது? நேராப் பாத்துத் தொலையேன்!”

“ஒரு தடவ விட்டதுக்குத்தான் இந்தப் பாடு” என்றாள்.

பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பதிவேட்டில் ‘உண்டு. நான்கு’ என்று எழுதிவிட்டுத் துணியைத் தூக்கினாள். திரையில் ஆறு பெட்டிகள். நான்கு அவள் பார்த்த அதே சுருள்கள். ஐந்தாவதை உருப்பெருக்கிப் பார்த்தாள், நார். சுருண்ட நார். அதற்கு அது எண்பது போட்டிருந்தது. ஆறாவது தட்டின் விளிம்பில் ஒரு துகளுக்கு அடியில் பாதி மறைந்து கிடந்தது. ஊசியால் துகளைத் தள்ளினாள். புழு மெல்ல நெளிந்தது.

“நான் நாலு. அது ஆறு. உள்ளது அஞ்சு” என்றாள்.  குரலில் சந்தேகமே இல்லை. தன் வீட்டுப் பன்றிக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிரெத்ராக் செய்தி கேட்டு ஓடிவந்தார். பதிவேட்டைப் புரட்டினார். கெட்ட மனுஷர் இல்லை, அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார். “அக்கா, காலைல எழுதுன ‘இல்லை’ய எடுத்துட்டு ‘சந்தேகம்’னு போட்டுடலாம். பக்கத்த மாத்திட்டா போச்சு. இருபத்தாறு வருஷப் பேரு உங்களுக்கு.”

“அந்தப் பேரு பக்கத்த மாத்தி வந்ததில்ல டாக்டர்.”

பேனாவை எடுத்தாள். காலை வரிக்குக் கீழே எழுதினாள்: ‘நான் இல்லை என்று படித்தேன். இயந்திரம் முப்பத்துநாலு என்றது. அதைப் பார்க்கும் முன்பே வீட்டுக்குப் பதில் சொன்னேன். இயந்திரம் சரி, நான் தவறு.’ கையெழுத்துப் போட்டுவிட்டு முப்பத்துநாலின்மேல் விரலை வைத்தாள். “இத அறுபதுக்கு ஏத்தியிருந்தா, இந்தப் பெட்டியே விழுந்திருக்காது.”

 பிரெத்ராக் தன் அறைக்குப் போய், மேஜைமேல் இருந்த கடிதத்தைக் கிழித்தார். எனக்குச் சத்தம் கேட்டது.

அன்று மாலையே வண்டி வந்து பன்றியை முழுதாக எரிக்க எடுத்துப்போனது. அரைத்த கறி, கொழுப்பு, குடல், ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு வருஷம் ஊட்டி வளர்த்தது. ஒப்ராத் வேலிப்பக்கம் திரும்பி நின்று அழுதான். லூபிங்கா விதோமிரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். விழுங்கிய அன்றே மருந்து ஆரம்பித்ததால் தப்பித்துக்கொள்வான் என்று மருத்துவர் சொன்னார். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் மருந்து முடியும்வரை ரக்கியா கூடாது என்று கேட்டபோதுதான் அவன் முகம் கோபத்தில் வீங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குத் திங்கட்கிழமையை நினைத்துக் கவலை. எங்கள் ஊர் எனக்குத் தெரியும். எழுபதாயிரம் தட்டைச் சரியாகப் பார்த்ததை ஒருவரும் நினைக்கமாட்டார்கள், ஒன்றைத் தவறவிட்டதைப் பேரன் காலம்வரை சொல்வார்கள். இருபது கிலோமீட்டரில் இன்னொரு நிலையம் இருக்கிறது. எல்லோருக்கும் கார் இருக்கிறது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். யாரும் இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் பத்துப் பேர் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எட்டாயிற்று. லூபிங்கா உள்ளே துடைத்த காலித் தட்டுகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைத் திறக்கவில்லை.

எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. விதோமிர். கையில் கண்ணாடி ஜாடி. அவனுக்குப் பின்னால் ரதோவான். அவனுக்குப் பின்னால் அந்தத் தெருவே கோப்பையும் டப்பாவுமாக வந்துகொண்டிருந்தது.

“அண்ணி, இன்னிக்கு என் பன்னி. எல்லாரும் ஒண்ணா வெட்டிட்டு வரலாம்னு நாந்தான் சொன்னேன், அதான் லேட்டு.”

லூபிங்கா ஜன்னலுக்கு வந்தாள். “அங்க இன்னொரு நிலையம் இருக்குல்ல, விதோமிர்?”

“இருக்கு.”

“என்னாலதான் நீ மாத்திரை முழுங்கறே.”

“முழுங்கறேன். ரக்கியா இல்லாம செத்துட்டு இருக்கேன்.” ஜாடியை மேஜைமேல் வைத்தான். “அங்க இருக்கறவங்க தப்புப் பண்ணா எனக்கு எப்படித் தெரியும்? யாரு வந்து முற்றத்துல நின்னு சொல்லுவாங்க? நீங்க சொன்னீங்க.”

ரதோவான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். “நான் அன்னைக்குக் கேட்டது தப்பு லூபிங்கா.”

“தப்பில்ல. கேக்கத்தான் வேணும்” என்றாள் அவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.  இருபத்தாறு வருஷம் இவள் பக்கத்தில் உட்கார்ந்து தோலைப் பொறுக்கியதற்கு அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன், வெளிப்படையாகவே சொல்கிறேன்.

“மூணு மணி நேரம் ஆகும். நானும் டப்பாவும் ரெண்டு பேரும் பாக்கணும்” என்றாள் பழைய குரலில், கட்டடம் அதிர.

“பாருங்க” என்று விதோமிர் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மதியம்வரை ஒருவர்கூட எழுந்து வந்து ஆயிற்றா என்று கேட்கவில்லை.